தவிர்க்க வேண்டியவை பட்டியலின் மறுபாதி எங்கே?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் எரிச்சல் குடல் நோய் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படித்தேன் என்பதைவிட, காலை 7 மணிக்கே என் அக்கா தொலைபேசியில் வாசிக்கக் கேட்டேன் என்பதே சரி. "தம்பி, உனக்குன்னே எழுதின மாதிரி இருக்குடா. வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், ஆப்பிள், காலிஃபிளவர்... மொத்தம் 38 போட்டிருக்காங்க. சிவப்புக் கட்டம் கட்டி, 'தவிர்க்க வேண்டியவை'ன்னு. கத்தரிச்சு ஃபிரிட்ஜ் மேல ஒட்டிட்டேன்" என்றார். அடுத்த மாதம் அவர் வீட்டில் ஒரு வாரம் தங்கப் போகிறேன். இந்தக் கடிதத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

கட்டுரையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பாதிதான் இருக்கிறது. கணக்கின் முதல் இரண்டு வரியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, மணி அடித்ததும் சாக்பீஸைப் போட்டுவிட்டுப் போன வாத்தியார் மாதிரி நின்றுவிட்டது. 31 ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான், மருத்துவன் இல்லை. இதைப் பற்றி எழுத எனக்கு உள்ள ஒரே தகுதி, அந்தக் கட்டத்தில் இருப்பது போன்ற ஒரு பட்டியலை இரண்டு ஆண்டுகள் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்துக் கெட்டுப்போனவன் என்பதுதான்.

எனக்கு இது 2016இல் ஒரு பயணத்தில், கெட்டுப்போன சாப்பாட்டில் ஆரம்பித்தது. ஐந்து நாள் காய்ச்சல், வயிற்றுப்போக்கு. கிருமி போய்விட்டது, வயிறு மட்டும் பழைய வயிறாகத் திரும்பவில்லை. இப்படி ஆவது ஒன்றும் புதுமை இல்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்ட்டன் என்ற சிற்றூரில், 2000 மே மாதம் குடிநீரில் கிருமி கலந்து ஊரில் ஏறக்குறைய பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். அந்த மக்களை மருத்துவர்கள் பல ஆண்டுகள் விடாமல் கவனித்தார்கள். கிருமி விலகிய பிறகும் பலருக்கு இதே குடல் தொல்லை தங்கிவிட்டிருந்தது.

எப்படிப்பட்ட தொல்லை என்று கேட்பவர்களுக்கு ஒரு காட்சி சொல்கிறேன். தேர்வு அறை, மூன்று மணி நேரக் கண்காணிப்பு. வினாத்தாள் கொடுத்து இருபதாவது நிமிடம் அடிவயிற்றில் இடப்பக்கம் ஒரு முறுக்கு. ஈரத் துணியைப் பிழிவது போல இருக்கும். கடைசி பெஞ்சுக்குப் பின்னால் போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு பையன் கூடுதல் தாள் கேட்டுக் கையைத் தூக்குவான். அங்கே போக 9 அடி, திரும்ப 9 அடி என்று மனம் கணக்குப் போடும். கழிப்பறைக்கு 64 அடி என்பது முந்தின நாளே எண்ணி வைத்தது. தாழ்வாரத்தில் நடக்கும் சக ஆசிரியருக்கும் எனக்கும் ஒரு சங்கேதம் உண்டு: சட்டைப் பையில் சிவப்புப் பேனா தெரிந்தால் உடனே வந்து என்னை மாற்றிவிட வேண்டும். அந்தப் பருவம் முழுக்க என் சட்டைப் பையில் சிவப்புப் பேனாதான்.

வலியைவிட இந்த எண்ணல்தான் ஆளைத் தின்னும். எந்தக் கட்டடத்தில் கழிப்பறை எங்கே, எந்தப் பேருந்து எத்தனை நிமிடம் நிற்காமல் போகும் என்று ஒரு வரைபடமே தலைக்குள் ஓடும்.

அப்போது ஒரு நண்பர் இணையத்திலிருந்து எடுத்துக் கொடுத்த பட்டியல்தான் நான் சொன்னது. முதல் மூன்று வாரத்தில் வயிறு அடங்கியது. ஆகா என்று அதையே பிடித்துக்கொண்டேன். மறுபடி ஒரு நாள் வலித்தால், அன்று சாப்பிட்டதையும் பட்டியலில் சேர்ப்பேன். 38இல் தொடங்கியது 50ஐத் தாண்டியது. கடைசியில் சோறு, உருளைக்கிழங்கு, கேரட், முட்டை. 71 கிலோ இருந்தவன் 63 ஆனேன். இத்தனைக்கும் வலி முழுசாகப் போகவில்லை.

2018இல்தான் குடல் மருத்துவர் ஒருவரிடம் போனேன். எடை குறைந்ததைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. காரணம் இல்லாமல் எடை குறைவது, மலத்தில் ரத்தம், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, விடாத காய்ச்சல், ஐம்பதை ஒட்டிய வயதில் புதிதாகத் தொடங்கும் தொல்லை, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்று: இவற்றில் ஒன்று இருந்தாலும் 'வெறும் வயிற்றுக் கோளாறு' என்று விடக்கூடாது, பரிசோதித்துத்தான் ஆக வேண்டும் என்றார். உங்கள் கட்டுரையில் இந்த ஒரு வாக்கியம் இல்லாததுதான் எனக்குப் பெரிய குறை. கைவைத்தியமும் சுயகவனிப்பும் இதைக் கடந்த பிறகுதான்.

என் விஷயத்தில் ஒரு கூத்தும் நடந்தது. கோதுமைப் புரதம் குடலையே அரிக்கும் சீலியாக் என்றொரு நோய் உண்டு. அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. ஆனால் கோதுமையை நிறுத்தியவனுக்கு அந்தப் பரிசோதனை உண்மையைச் சொல்லாது. "பட்டியலைப் பார்த்து நீங்களே நிறுத்திட்டீங்க சார். இப்ப ஆறு வாரம் தினமும் கோதுமை சாப்பிட்டுட்டு வாங்க, அப்புறம் பார்ப்போம்" என்றார். அந்த ஆறு வாரத்தை நான் மறக்க மாட்டேன். சீலியாக் இல்லை. பெருங்குடலையும் உள்நோக்கிப் பார்த்தார்கள், சுத்தம். ரத்தத்தில் குறை இல்லை. சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி, அது மலம் கழிப்பதோடும் மலத்தின் தன்மையோடும் சேர்ந்து மாறுவது, மூன்று மாதமாக நீடிப்பது, ஆரம்பித்து ஆறு மாதமாவது ஆகியிருப்பது. இந்த நோயை அடையாளம் காண உலக நிபுணர்கள் வகுத்து 2016இல் வெளியிட்ட 'ரோம்' வரையறை சொல்வது இவ்வளவுதான். எனக்கு எல்லாம் பொருந்தியது. இது புற்றாக மாறாது, ஆயுளைக் குறைக்காது என்று அவர் சொன்னபோது பாதி வலி அங்கேயே இறங்கியது.

எரிச்சல் குடல் நோயின் ஆங்கிலச் சுருக்கமான ஐ.பி.எஸ். (IBS) என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். தமிழில் எழுதினால் காவல்துறை அதிகாரிக்கும் என் குடலுக்கும் ஒரே பட்டம். வீட்டில் இன்றும் இதுதான் கேலி. அதே கேலியைத்தான் உணவியல் நிபுணரும் பிடித்துக்கொண்டார். என் மாணவியின் வயதுதான் அவருக்கு. என் பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சார், சந்தேகப்பட்டவங்க எல்லாரையும் பிடிச்சு ரெண்டு வருஷமா உள்ளே வெச்சிருக்கீங்க. விசாரணையே நடக்கலையே" என்றார்.

அந்த விசாரணைதான் உங்கள் கட்டுரையில் விடுபட்ட பாதி. இந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரின் மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய உணவுமுறை அது. சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய், அங்கே நீரை இழுத்து, கிருமிகளால் நொதித்து வாயுவாகும் சில வகைச் சர்க்கரைகளுக்கு ஃபாட்மேப் என்று பெயர். அவற்றைக் குறைப்பது முதல் கட்டம். இரண்டு முதல் ஆறு வாரம், அவ்வளவுதான். இரண்டாம் கட்டம், ஒவ்வொரு வகையாகத் திரும்பச் சேர்த்துச் சோதிப்பது. மூன்றாம் கட்டம், தனக்கு ஒத்துக்கொள்ளாததை மட்டும், ஒத்துக்கொள்ளாத அளவில் மட்டும் குறைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் சாப்பிடுவது. முதல் கட்டத்தையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டால் சத்துக் குறைவதோடு, குடலில் நமக்கு வேண்டிய நல்ல நுண்ணுயிர்களும் பட்டினி கிடக்கும். பைஃபிடோ வகைக் கிருமிகள் குறைவதை ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. ஆறு வாரத்தில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் உங்களுக்கு அது வழியில்லை என்று விட்டுவிட வேண்டும். அதையும் யாரும் சொல்வதில்லை.

பழைய கிராஃப் நோட்டு ஒன்றை எடுத்தேன். படுக்கை அச்சில் நாள். நிலை அச்சில் வலிக்குப் பத்துக்கு எத்தனை. இன்னொரு கோடு மலத்துக்கு. பிரிஸ்டல் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது, கட்டிக் கட்டியாக வந்தால் 1, வெறும் தண்ணீராக வந்தால் 7, நடுவில் 3, 4 வந்தால் நல்ல நாள். மதிப்பெண் போட்டே பழகிய கைக்கு அது சுலபமாக வந்துவிட்டது. ஒரே விதி: ஒரு சமயத்தில் ஒரு மாறியைத்தான் மாற்ற வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் நாள்தோறும் சொன்னதை என் தட்டில் மட்டும் செய்யாமல் இருந்திருக்கிறேன். ஒரு உணவு, மூன்று நாள், முதல் நாள் கொஞ்சம், அடுத்த நாள் கூட, மூன்றாம் நாள் வழக்கமான அளவு. பிறகு இரண்டு மூன்று நாள் சும்மா விட்டு, அடுத்தது.

பால்: அரை டம்ளர் தாங்கும், முழு டம்ளர் தாங்காது. கோதுமை ரொட்டி: இரண்டு துண்டு ஒன்றும் செய்யவில்லை, நான்காவது துண்டில் பொருமல். இரண்டு ஆண்டுகள் கோதுமையைத் திரும்பிப் பார்க்காதவன் அன்று நோட்டின் ஓரத்தில் 'மன்னிக்கவும்' என்று எழுதி வைத்தேன். காளான், காலிஃபிளவர், தேன் மூன்றும் நிரபராதிகள். பருப்பு வகைகளை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் நொதிக்கும் சர்க்கரை கொஞ்சம் தண்ணீரோடு போய்விடுகிறது; அப்படிச் சாப்பிட்டதில் குறைவில்லை. வெங்காயம் மட்டும் முதல் நாளே, நாலு துண்டிலேயே மாட்டிக்கொண்டது. பூண்டும் அப்படித்தான், ஆனால் அதற்கு ஒரு வழி உண்டு. வயிற்றைக் கெடுக்கும் அந்தச் சர்க்கரை தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பூண்டை எண்ணெயில் பொன்னிறமாக வதக்கி, பல்லை எடுத்து எறிந்துவிட்டு எண்ணெயை மட்டும் சமையலுக்கு வைத்துக்கொண்டால் மணம் கிடைக்கும், வலி இல்லை. தண்ணீர் சேரும் முன்பே பல்லை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் சூட்சுமம்.

உண்மையான குற்றவாளி வேறு இடத்தில் இருந்தான். நாள் முழுக்கக் கத்தித் தொண்டை வறளும் என்பதால், சர்க்கரை இல்லாத புதினா மிட்டாய் ஒரு டப்பி எப்போதும் என் பையில் இருக்கும். ஒரு பாடவேளைக்கு இரண்டு, தேர்வு நாளில் பதட்டத்துக்கு இன்னும் நாலு. அதில் இனிப்புக்காகச் சேர்த்திருப்பது சார்பிட்டால். பேதி மாத்திரைக்கு அண்ணன். உணவியல் நிபுணர் டப்பியைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்துக் காட்டியபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வயிறு கெடுமோ என்ற பயத்தில் மென்ற மிட்டாயே வயிற்றைக் கெடுத்திருக்கிறது. உங்கள் 38இல் அது இல்லை. என் 50இலும் இருந்ததில்லை.

நார்ச்சத்து நிறையச் சேர்க்கவும் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எந்த நார்? கோதுமைத் தவிட்டை இரண்டு கரண்டி காலையில் கரைத்துக் குடித்துவிட்டு முரசு போல வயிற்றோடு வகுப்பில் நின்றவன் நான். தவிடு போன்ற கரையாத நார் எங்களில் பலருக்கு வாயுவையும் வலியையும் கூட்டும். தண்ணீரில் கொழகொழவென்று ஊறும் இசப்கோல் உமி போன்ற கரையும் நார்தான் உதவுகிறது. மலச்சிக்கலுக்கும் சரி, இளகிப் போவதற்கும் சரி. அதையும் அரைக் கரண்டியில் தொடங்கி, நிறையத் தண்ணீரோடு, வாரக்கணக்கில் மெதுவாக ஏற்ற வேண்டும்.

நோட்டு நிரம்பிய பிறகுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. விடுமுறை நாட்களில் வலிக் கோடு தரையோடு தரையாகக் கிடக்கிறது. அந்த நாட்களில் நான் ஒழுங்காகச் சாப்பிட்டதும் இல்லை. தேர்வுப் பருவத்தில், சுத்தமான சோறும் கேரட்டும் மட்டுமே சாப்பிட்ட நாளிலும் கோடு ஏறி நிற்கிறது. அப்படியானால் எல்லாம் மனப்பிரமையா என்று மருத்துவரிடம் கோபமாகவே கேட்டேன். இல்லை என்றார். 1973லேயே சோதித்திருக்கிறார்கள்: பெருங்குடலுக்குள் சிறு பலூனை வைத்து ஊதியபோது, மற்றவர்களில் மிகச் சிலருக்கே வலித்த அளவில் இந்த நோயாளிகள் பலருக்கு வலித்தது. வாயு எல்லாருக்கும்தான் இருக்கிறது, எங்கள் குடலின் நரம்புகள் அதை ஒலிபெருக்கி வைத்து மூளைக்குச் சொல்கின்றன. பயம் அந்த ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டிவிடுகிறது.

அந்தச் சத்தத்தைக் குறைக்கவும் பயிற்சி உண்டு என்பதை நான் முதலில் நம்பவில்லை. மனநல ஆலோசகர் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இங்கிலாந்தில் மான்செஸ்டர் மருத்துவர்கள் 1984லேயே குடலைக் குறிவைத்த ஹிப்னாடிச சிகிச்சையை 30 பேரிடம் சோதித்துப் பலன் கண்டிருக்கிறார்கள். 2019இல் அதே நாட்டில் 558 பேரை வைத்து நடந்த ஆய்வில், வழக்கமான மருத்துவத்தோடு, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் நடத்தைச் சிகிச்சையைத் தொலைபேசி வழியாகவோ இணையம் வழியாகவோ சேர்த்துக் கொடுத்தது, வழக்கமான மருத்துவம் மட்டும் கொடுத்ததைவிட நன்றாக வேலை செய்தது. இதைப் படித்த பிறகுதான் போனேன்.

ஆலோசகர் கேட்ட முதல் கேள்வி: "வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்னால் எத்தனை தடவை கழிப்பறைக்குப் போவீங்க?" நான்கு தடவை. முதல் தடவைக்குப் பிறகு ஒன்றும் வருவதில்லை, ஒரு தைரியத்துக்குப் போவது. அந்தத் தைரியம்தான் பயத்தை வளர்க்கிறது என்றார். முதல் வாரம் மூன்று. அடுத்த வாரம் இரண்டு. இரண்டிலிருந்து ஒன்றுக்கு வர ஐந்து வாரம் ஆனது; ஒரு நாள் தெருமுனை வரை போய்த் திரும்பியும் வந்தேன். கூடவே மூச்சுப் பயிற்சி: வயிற்றின் மேல் கையை வைத்து, கை எழும்புவது தெரிய நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுவது. தேர்வு அறையில் வினாத்தாள் உறையைப் பிரிக்கும் முன் பத்து மூச்சு. அந்த ஆண்டு நடுவில்தான் ஒரு காலை, சட்டைப் பையில் சிவப்புப் பேனாவுக்குப் பதில் நீலம் இருப்பதை மதியம் கவனித்தேன்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். சாப்பாட்டு நேரத்தை மாற்றாமல் இருப்பது. ஒரு வேளை விட்டுவிட்டு அடுத்த வேளை சேர்த்துச் சாப்பிடாமல் இருப்பது. ஆசிரியர் அறையில் ஐந்து காபி குடித்தவன் இரண்டுக்கு வந்தது. பிரிட்டனின் வழிகாட்டுதல் காபி, தேநீர் சேர்த்து நாளுக்கு மூன்று கோப்பைக்கு மேல் வேண்டாம் என்கிறது. காலை உணவுக்குப் பிறகு பெருங்குடல் தானாகச் சுருங்கி அசையும், அந்த நேரத்தைக் கழிப்பறைக்கு ஒதுக்கி, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி காலடியில் சிறு பலகை போட்டுக்கொண்டால் முக்க வேண்டியதில்லை. நடை. சுவீடனில் 12 வாரம் உடற்பயிற்சி செய்தவர்களுக்குத் தொல்லை குறைந்ததாக ஆய்வு உண்டு. எனக்கு மாலையில் 40 நிமிடம்.

மாத்திரை போடுவதைத் தோல்வியாக நினைத்தது என் இன்னொரு மடத்தனம். நீண்ட பயணத்துக்கு முன் வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை ஒன்று, மருத்துவர் சொன்ன அளவில், இன்றும் போடுகிறேன். வலி அடங்காதவர்களுக்கு மனச்சோர்வு மருந்தான அமிட்ரிப்டிலினை மிகக் குறைந்த அளவில் கொடுத்துப் பலன் கண்டதாக 2023இல் ஆய்வு வந்திருக்கிறது. மருத்துவர் அதை எழுதினால், 'எனக்கு மனநோய் என்கிறாரா' என்று என்னைப் போல முறைக்க வேண்டாம். பணத்தை இறைக்க வேண்டாத இடம் ஒன்று உண்டென்றால், ரத்தத்தைக் கொடுத்தால் நூறு உணவுகளுக்கு ஒவ்வாமைப் பட்டியல் தருகிறோம் என்கிற பரிசோதனைகள்தான். இந்த நோய்க்கு அவற்றை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்கக் குடல் மருத்துவர் சங்கத்தின் 2021 வழிகாட்டுதலே சொல்கிறது.

ஆசிரியர் அவர்களே, என் வேண்டுகோள் இரண்டு. அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில், அதே அளவில் இன்னொரு கட்டம் போடுங்கள்: ஆறு வாரத்துக்குப் பிறகு எதை எப்படித் திரும்பச் சேர்ப்பது என்று. அதற்கு மேலே, யார் பட்டியலைத் தொடாமல் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று நாலு வரி. இதில் வெட்ட வேண்டியிருந்தால் என் கதையை வெட்டுங்கள், அந்த நாலு வரியை வேண்டாம். என் பெயரையும் போட வேண்டாம். என்னிடம் படித்தவர்கள் பலர் உங்கள் வாசகர்கள், கணக்கு வாத்தியாரின் மல மதிப்பெண் அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

அக்காவிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சரிடா, அப்ப ரொட்டி ரெண்டு துண்டு, பால் அரை டம்ளர், வெங்காயம் கிடையாது. ஆனா பேப்பர்ல வராம நான் அதைக் கிழிக்க மாட்டேன்" என்றார். பக்கத்தில் ஒட்ட இடம் விட்டு வைத்திருக்கிறாராம்.

தங்கள் வாசகன்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்
(பெயரும் முகவரியும் தனித்தாளில்)